பண்டைய ரோமானிய மேடைப்பேச்சில் நகைச்சுவை

பண்டைய ரோமானிய மேடைப்பேச்சில் நகைச்சுவை என்பது, ரோமக் குடியரசின் இறுதிக் காலத்திலும் பேரரசின் முதல் நூற்றாண்டிலும் நீதிமன்றம், செனட் அவை, மக்கள் மன்றம் ஆகியவற்றில் பேசியவர்கள் சிரிப்பை வாதக் கருவியாகக் கையாண்ட முறையையும், அதற்கு அவர்கள் வகுத்த இலக்கணத்தையும் குறிக்கும். இதை அறிய இரண்டு நூல்கள் முதன்மையாக உதவுகின்றன. ஒன்று, மார்க்கஸ் துல்லியஸ் சிசெரோ கி.மு. 55இல் எழுதிய 'டே ஓராடோரே' (பேச்சாளரைப் பற்றி). மற்றொன்று, கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் குயிண்டிலியன் எழுதிய 'இன்ஸ்டிட்யூஷியோ ஓராடோரியா' (பேச்சாளருக்கான கல்வி).

இவ்விரு நூல்களும் நகைச்சுவைக்குப் பல எல்லைகளை விதிக்கின்றன. அந்த எல்லைகள் பெரும்பாலும் சிரிக்க வைப்பவரின் மதிப்பைக் காப்பதற்காகவே வகுக்கப்பட்டவை. ஒரு கேலி வழக்கின் உண்மையை வெளிக்கொணர்கிறதா, மறைக்கிறதா என்னும் கேள்வியை அவை போதிய அளவு எழுப்பவில்லை. சிசெரோவின் பேச்சுகளை அவருடைய இலக்கணத்தோடு ஒப்பிட்டால் இந்தக் குறை தெளிவாகத் தெரியும்.

சிரிப்புக்கு இடம் தந்த அவை

ரோமின் பெரிய குற்ற வழக்குகள் நகரின் நடுவிலிருந்த ஃபோரம் என்னும் திறந்த வெளியில் விசாரிக்கப்பட்டன. தீர்ப்பளித்தவர் ஒரே நீதிபதி அல்லர்; பல பத்துப் பேர் கொண்ட நடுவர் குழு. அவர்கள் மெழுகு பூசிய சிறு பலகைகளில் இரகசியமாக வாக்களித்தனர். நடுவர்களைச் சுற்றி வேடிக்கை பார்க்க வந்த மக்கள் வளையமாக நின்றனர். இந்த வளையத்துக்கு 'கொரோனா', அதாவது மாலை, என்றே பெயர். வாதாடுபவர் நடுவர்களுக்கும் பேச வேண்டும். வெயிலில் நிற்கும் அந்த மாலைக்கும் பேச வேண்டும். மணிக்கணக்கில் நீளும் பேச்சில் அவை சோர்ந்துவிடும். அப்போது எழும் சிரிப்பு அவையை மீண்டும் பேச்சாளர் பக்கம் திருப்பியது.

கேலிக்கு வேண்டிய பொருள் ரோமானியரின் பெயர்களிலேயே இருந்தது. ரோமானியர் பலரின் மூன்றாம் பெயர் ஏதோ ஒரு முன்னோரின் உடல் அடையாளத்திலிருந்து வந்தது. கிராசஸ் என்றால் பருத்தவர். ஸ்ட்ராபோ என்றால் மாறுகண் உடையவர். சிசெரோ என்னும் பெயர் கொண்டைக்கடலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அரசியலுக்கு வந்தபோது அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளுமாறு நண்பர்கள் கூறியதாகவும், தம் பெயரைப் பெரும் குடும்பப் பெயர்களைவிடப் புகழ்பெறச் செய்வதாக அவர் விடையளித்ததாகவும் புளூட்டார்க் எழுதுகிறார்.

சிசெரோ வகுத்த இலக்கணம்

'டே ஓராடோரே' உரையாடல் வடிவில் அமைந்த நூல். உரையாடல் கி.மு. 91இல், டஸ்குலம் என்னும் ஊரில் லூசியஸ் கிராசஸின் பண்ணை வீட்டில் நடப்பதாகச் சிசெரோ அமைத்துள்ளார். இரண்டாம் பகுதியில் நகைச்சுவையைப் பற்றிப் பேசும் பொறுப்பைச் சீசர் ஸ்ட்ராபோ ஏற்கிறார். இவர் புகழ்பெற்ற ஜூலியஸ் சீசரின் குடும்பக் கிளையைச் சேர்ந்தவர். நயமான பேச்சுக்குப் பெயர்பெற்றவர். மாறுகண்ணைக் குறிக்கும் பெயருடைய ஒருவரே கேலியின் இலக்கணத்தை விளக்குகிறார்.

ஸ்ட்ராபோ தொடக்கத்திலேயே இந்தக் கலையைக் கற்பிக்க முடியுமா என்று ஐயுறுகிறார். கிரேக்கர்கள் சிரிப்பைப் பற்றி எழுதிய நூல்களைத் தேடிப் படித்ததாகவும், அவற்றில் நல்ல நகைச்சுவைத் துணுக்குகள் கிடைத்தாலும், அதற்கு விதி எழுதப் புகுந்தவர்களின் சுவையின்மைதான் சிரிப்பை வரவழைத்தது என்றும் கூறுகிறார். பிறகு ஐந்து கேள்விகளை முன்வைக்கிறார். சிரிப்பு என்பது என்ன? அது எங்கிருந்து பிறக்கிறது? பேச்சாளர் சிரிக்க வைக்க வேண்டுமா? எந்த அளவுக்கு? அதன் வகைகள் யாவை? முதற்கேள்வியை அவர் டெமாக்ரிடஸ் என்னும் கிரேக்க மெய்யியலாளரிடம் விட்டுவிடுகிறார். சிரிப்பின் இயல்பு அறிஞருக்குரிய பொருள், அதன் பயன் பேச்சாளருக்குரிய பொருள் என்பது அவர் நிலை.

சிரிப்பு பிறக்கும் இடமாக அவர் காட்டுவது, அழகற்றதும் பொருந்தாததும். அவற்றை அழகு கெடாமல் சுட்டிக்காட்டுவதே நல்ல நகைச்சுவை. நகைச்சுவை இரு வகைப்படும்: பொருளில் அமைவது, சொல்லில் அமைவது. சொற்களை மாற்றினால் சிரிப்பு மறைந்துவிடுமானால் அது சொல் நகைச்சுவை. எப்படிச் சொன்னாலும் சிரிப்பு நிலைத்தால் அது பொருள் நகைச்சுவை. தமிழில் சிலேடையைப் பிறமொழிக்குப் பெயர்க்க முடியாமல் போவதும், ஒரு நிகழ்ச்சியின் வேடிக்கையை எளிதில் பெயர்க்க முடிவதும் இதே வேறுபாட்டால்தான்.

பொருள் நகைச்சுவைக்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று கவிஞர் என்னியஸைப் பற்றியது. நாசிகா என்பவர் என்னியஸின் வீட்டுக்குச் சென்றபோது, அவர் வீட்டில் இல்லை என்று பணிப்பெண் கூறினாள். என்னியஸ் உள்ளேயிருந்து சொல்லச் சொன்னதை நாசிகா புரிந்துகொண்டார். சில நாள் கழித்து என்னியஸ் நாசிகாவின் வாசலில் வந்து நின்றார். நாசிகா தம் சொந்தக் குரலிலேயே, தாம் வீட்டில் இல்லை என்று உள்ளிருந்து கத்தினார். குரல் தெரிகிறதே என்று என்னியஸ் கேட்டார். பணிப்பெண் சொன்னதை அன்று நான் நம்பினேன், நானே சொல்வதை நீ நம்பாமலிருப்பது என்ன வெட்கக்கேடு என்று நாசிகா திருப்பிக் கேட்டார். இந்தத் துணுக்கைப் புரிந்துகொள்ள லத்தீன் மொழி தெரிய வேண்டியதில்லை.

எல்லைகளைப் பொறுத்தவரை ஸ்ட்ராபோ மூன்றைச் சொல்கிறார். கொடிய குற்றத்தைக் கேலி செய்யக் கூடாது. அதற்குச் சிரிப்பைவிடக் கூரிய ஆயுதம் வேண்டும். பெருந்துன்பத்தில் இருப்பவரைக் கேலி செய்யக் கூடாது. அவர் தற்பெருமை பேசினால் மட்டும் விதிவிலக்கு. மக்களின் அன்புக்குரியவரை யோசிக்காமல் கேலி செய்யக் கூடாது. இவற்றுக்கு மேல், பேச்சாளர் கோமாளியைப் போலவோ கூத்து நடிகரைப் போலவோ தோன்றக் கூடாது. கோமாளி காரணமின்றி நாள் முழுதும் சிரிக்க வைப்பான். பேச்சாளருக்குச் சிரிக்க வைக்கக் காரணம் இருக்க வேண்டும்.

இந்த மூன்று எல்லைகளும் அறத்தைப் போலத் தோன்றினாலும் அவற்றின் அடிப்படை அவையின் மனநிலைதான். அவை எதை ஏற்காதோ அதைத் தவிர் என்பதே அவற்றின் சாரம். கேலிக்கு ஆளாகும் மனிதருக்கு என்ன நேரும் என்பது அங்கே கணக்கில் வரவில்லை. சிரிப்பின் பயன்களை ஸ்ட்ராபோ அடுக்கும் இடத்தில் இது வெளிப்படையாகிறது. சிரிப்பு எதிரியை உடைக்கும், தடுக்கும், அச்சுறுத்தும். பேச்சாளரைப் பண்பட்டவராகக் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாதத்தால் எளிதில் கரைக்க முடியாத வெறுப்பான செய்திகளைச் சிரிப்பால் கரைத்துவிடலாம் என்கிறார். வாதத்தால் கரையாத ஒன்று ஒருவேளை உண்மையாக இருக்கலாமே என்ற எண்ணம் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

குயிண்டிலியனின் திருத்தம்

குயிண்டிலியன் இன்றைய ஸ்பெயினில் பிறந்தவர். பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் அரசு ஊதியம் பெற்று ரோமில் பேச்சுக்கலை கற்பித்த ஆசிரியர். தம் நூலின் ஆறாம் பகுதியில் நகைச்சுவைக்கென ஒரு நீண்ட இயலை ஒதுக்கினார். டெமாஸ்தனிஸுக்குச் சிரிக்க வைக்கும் ஆற்றல் குறைவு என்றும், சிசெரோவுக்கு அதில் அளவு குறைவு என்றும் பலர் கருதியதைப் பதிவு செய்தவர் இவர். சிசெரோவின் நகைச்சுவைத் துணுக்குகள் மூன்று தொகுதிகளாக வெளிவந்திருந்தன. தொகுத்தவர் திரட்டுவதில் காட்டிய ஆர்வத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டியிருக்கலாம் என்று குயிண்டிலியன் வருந்துகிறார்.

ஓர் ஆசிரியருக்குரிய அக்கறை இவருடைய விதிகளில் தெரிகிறது. துன்பத்தில் இருப்பவரைக் கேலி செய்வது மனிதத்தன்மை அற்றது என்கிறார். ஓர் இனத்தையோ ஒரு வகுப்பையோ ஒரு தொழிலைச் செய்வோரையோ மொத்தமாகக் கேலி செய்வதைக் கண்டிக்கிறார். நேர்மையை விலையாகக் கொடுத்துச் சிரிப்பை வாங்கக் கூடாது என்கிறார். சிசெரோவின் விதிகளைவிட இவை கேலிக்கு ஆளாகும் மனிதருக்கு ஒரு படி நெருக்கமானவை.

வலிமையற்றவருக்குச் சிரிப்பு எப்படி உதவும் என்பதற்கு அவர் ஒரு கதையைச் சொல்கிறார். டரெண்டம் நகர இளைஞர்கள் விருந்து ஒன்றில் மன்னர் பிர்ரஸை ஏசினர். மறுநாள் மன்னர் விசாரித்தபோது மறுக்கவும் முடியவில்லை, நியாயப்படுத்தவும் முடியவில்லை. அப்போது ஓர் இளைஞன், குடுவையில் மது தீர்ந்திராவிட்டால் உங்களைக் கொன்றே இருப்போம் என்று சொன்னான். மன்னரின் சினம் அகன்றது, குற்றச்சாட்டும் மறைந்தது.

ஆயினும் குயிண்டிலியனும் அடிப்படையில் பழைய வழியிலிருந்து விலகவில்லை. இயலின் தொடக்கத்தில் சிரிப்பின் பயன்களாக அவர் கூறுபவை மூன்று: அது நடுவரின் இறுக்கமான உணர்ச்சிகளைத் தளர்த்தும், அவர் மனத்தைச் செய்திகளிலிருந்து அடிக்கடி திருப்பும், களைப்பைப் போக்கும். நடுவரின் மனத்தை வழக்கின் செய்திகளிலிருந்து திருப்புவதை ஒரு நன்மையாகவே அவர் எண்ணுகிறார்.

சான்றை முன்வைத்த சிரிப்பு

ரோமானியப் பேச்சாளர்கள் எழுப்பிய சிரிப்பு அனைத்தும் மறைப்பு வேலை செய்தது என்று கூற முடியாது. சிசெரோவின் சிறந்த கேலிகள் சில, வாதமாகவே அமைந்தவை.

கி.மு. 70இல், சிசிலி மாகாணத்தைச் சூறையாடிய ஆளுநர் வெர்ரஸ் மீது சிசெரோ வழக்குத் தொடுத்தார். வெர்ரஸுக்குத் துணை நின்றவர் அன்றைய முதன்மை வழக்கறிஞரான ஹார்டென்சியஸ். அவர் வெர்ரஸிடமிருந்து ஸ்பிங்க்ஸ் சிலை ஒன்றைப் பரிசாகப் பெற்றிருந்தார். கிரேக்கக் கதைகளில் ஸ்பிங்க்ஸ் என்பது வழிப்போக்கர்களிடம் விடுகதை போடும் விலங்கு. விசாரணையின்போது சிசெரோ மறைமுகமாக ஏதோ கூற, தமக்கு விடுகதைகளுக்கு விடை தெரியாது என்றார் ஹார்டென்சியஸ். வீட்டில் ஸ்பிங்க்ஸை வைத்துக்கொண்டு தெரியாதா என்று சிசெரோ கேட்டார்.

இந்தக் கேலி சில சொற்களில் முடிந்துவிடுகிறது. ஆனால் அதற்குள் ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது: கொள்ளையரிடம் அன்பளிப்பு பெற்றவர் அவருக்காக வாதாடுகிறார். சிரித்த நடுவர், சிரித்த கணத்திலேயே வழக்கின் ஓர் உண்மையையும் அறிந்துகொண்டார்.

'டே ஓராடோரே' கூறும் மற்றொரு நிகழ்ச்சியும் இத்தகையது. புரூட்டஸ் என்பவர் ஒரு வழக்கில் கிராசஸின் பழைய பேச்சுகள் இரண்டை இருவரைக் கொண்டு படிக்கச் செய்து, அவை ஒன்றுக்கொன்று முரண்படுவதாகக் காட்டினார். இந்தப் புரூட்டஸ் தந்தையின் சொத்துகளை விற்றுத் தீர்த்தவர். அவருடைய தந்தை சட்டம் பற்றி மூன்று நூல்கள் எழுதியவர்; ஒவ்வொன்றும் குடும்பத்தின் பண்ணைகளுள் ஒன்றில் நடக்கும் உரையாடலாகத் தொடங்கும். கிராசஸ் மூன்று பேரை எழுப்பி அந்த நூல்களின் தொடக்கத்தைப் படிக்கச் செய்தார். ஒவ்வொரு தொடக்கத்துக்குப் பிறகும், அந்தப் பண்ணை இப்போது எங்கே என்று கேட்டார். எதிரி கையாண்ட உத்தியையே அவர் எதிரிமேல் திருப்பினார். எனினும் இங்கே கேலி வழக்கைத் தொடவில்லை, வழக்குத் தொடுத்தவரின் ஒழுக்கத்தைத்தான் தொட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மூரேனா வழக்கு

கி.மு. 63ஆம் ஆண்டின் இறுதியில் சிசெரோ கான்சல் என்னும் உயர்பதவியில் இருந்தார். தேர்தலில் கையூட்டு கொடுப்போருக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் சட்டத்தை அதே ஆண்டில் கொண்டுவந்தவரும் அவரே. அடுத்த ஆண்டுக்குக் கான்சலாகத் தேர்வான மூரேனா மீது தேர்தல் கையூட்டு வழக்கு வந்தது. அந்த வழக்கில் மூரேனாவுக்காக வாதாடியவரும் சிசெரோதான். வழக்குத் தொடுத்தவர்களுள் இருவர் முக்கியமானவர்கள்: தேர்தலில் தோற்ற சட்ட அறிஞர் செர்வியஸ் சுல்பீசியஸ், நேர்மைக்குப் பெயர்போன கேட்டோ. இருவருமே சிசெரோவுக்கு வேண்டியவர்கள்.

சிசெரோ சுல்பீசியஸின் துறையையே கேலிக்கு எடுத்துக்கொண்டார். நிலத் தகராற்றில் இரு தரப்பும் சடங்குபோல ஒப்பிக்க வேண்டிய பழைய சட்ட வாய்பாடுகளை நடித்துக் காட்டினார். தமக்கு எரிச்சல் மூட்டினால் மூன்றே நாளில் சட்ட அறிஞராகிவிடுவதாகச் சொன்னார். கேட்டோவின் ஸ்தோயிக் மெய்யியலையும் விடவில்லை. எல்லாக் குற்றங்களும் சமமானவை என்று அக்கொள்கை கூறுவதால், தேவையின்றிச் சேவலைக் கொன்றவனும் தந்தையைக் கொன்றவனும் ஒன்றாகிவிடுகிறார்கள் என்று காட்டினார். அவை சிரித்தது. எவ்வளவு வேடிக்கையான கான்சல் நமக்கு வாய்த்திருக்கிறார் என்று கேட்டோ புன்னகையுடன் கூறியதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். மூரேனா விடுதலை பெற்றார்.

இந்தப் பேச்சுக்கு ஆதரவாகவும் சொல்ல இடமுண்டு. கேட்டோவின் பெயரே நடுவர்களை அச்சுறுத்தக்கூடிய எடையுடையது. ஒருவரின் பெருமை சான்றாகிவிடாது. அந்த எடையைக் குறைக்கச் சிரிப்பைப் பயன்படுத்தியது நியாயமே. மேலும் கேட்டலைனின் சதி நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஜனவரி முதல் நாளில் இரண்டு கான்சல்கள் பதவியில் இருக்க வேண்டும் என்று சிசெரோ கூறியது வெற்றுச் சொல் அன்று.

ஆனால் சுல்பீசியஸின் சட்ட அறிவைக் கேலி செய்ததற்கு இந்த நியாயம் பொருந்தாது. மூரேனா பணம் கொடுத்தாரா, இல்லையா என்ற கேள்விக்கும் நிலத் தகராற்று வாய்பாடுகளுக்கும் தொடர்பில்லை. பேச்சைப் படித்து முடித்தவர் மனத்தில் சேவல் நிற்கிறது, பணம் நிற்கவில்லை.

இதைச் சிசெரோவே உணர்ந்திருந்தார். கி.மு. 45இல் எழுதிய 'டே ஃபினிபுஸ்' என்னும் மெய்யியல் நூலில், கேட்டோவிடமே பேசுவதுபோல, மூரேனா வழக்கில் விளையாடியதுபோல இங்கே விளையாடப் போவதில்லை என்கிறார். அது கல்லாதவர்கள் நடுவில் பேசியது, சுற்றி நின்றவர்களுக்காகவும் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது என்று ஒப்புக்கொள்கிறார். ரோமானிய நகைச்சுவை இலக்கணத்தில் விடுபட்டிருந்த ஒரு வரியை இந்த ஒப்புதல் நிரப்புகிறது.

கேலியஸ் வழக்கு

கி.மு. 56 ஏப்ரலில் நடந்த கேலியஸ் வழக்கில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கேலியஸ் இளைஞர், சிசெரோவிடம் பயிற்சி பெற்றவர். அவர்மீது வன்முறைக் குற்றச்சாட்டு. அதில் அடங்கிய கடுமையான செய்தி, அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த தூதுக்குழுவின் தலைவர் டியோவின் கொலை. எகிப்தின் மன்னர் தாலமிக்கு எதிராக முறையிட நூறு பேர் கொண்ட குழு ரோமுக்கு வந்திருந்தது. அதன் தலைவர் ரோமிலேயே கொல்லப்பட்டார்.

விழாக்காலம் என்பதால் நகரில் நாடகங்கள் நடந்துகொண்டிருந்தன. மற்ற நீதிமன்றங்கள் மூடியிருந்தன. நாடகத்துக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கும் நடுவர்களுக்குச் சிசெரோ அங்கேயே நாடகம் காட்டினார். வழக்கின் முக்கியச் சாட்சியான குளோடியா என்னும் செல்வக் குடும்பத்துக் கைம்பெண்ணை அதன் நடுவில் நிறுத்தினார். சில நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவளுடைய முன்னோர் அப்பியஸ் கிளாடியஸின் ஆவியாக மாறிப் பேசினார். அப்பியஸ் ரோமுக்கு நீர்க்கால்வாயும் புகழ்பெற்ற நெடுஞ்சாலையும் அமைத்தவர். நீ இப்படி வாழ்வதற்காகவா நான் நீரும் சாலையும் கொண்டுவந்தேன் என்ற பொருளில் அந்தக் கிழவர் குளோடியாவைக் கண்டிக்கிறார். குளோடியாவின் சகோதரரைக் குறிப்பிடும்போது, நாத்தவறியதுபோல அவளுடைய கணவர் என்று சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்கிறார். பொதுக் குளியலறையில் நஞ்சுப்பெட்டியைக் கைப்பற்ற ஆட்கள் ஒளிந்திருந்ததாகக் கூறப்பட்ட செய்தியை, முடிவு தெரியாத கேலிக்கூத்தாக மாற்றுகிறார்.

நகைச்சுவைக் கலையாக இது சிசெரோவின் உச்சம். குரல் மாற்றம், குறிப்புப் பொருள், காட்சியமைப்பு எல்லாம் இதில் உண்டு. ஆனால் டியோவின் கொலையைப் பற்றி அவர் பேசியது சில வாக்கியங்களே. அந்தக் குற்றத்துக்காக வேறொருவர் விசாரிக்கப்பட்டு விடுதலையானார், கேலியஸுக்கு அதில் தொடர்பில்லை என்று கூறி நகர்ந்துவிடுகிறார். குளோடியாவின் சகோதரர் கி.மு. 58இல் சிசெரோவை நாடு கடத்தியவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய பகையும் வழக்கின் தேவையும் ஒன்றாகக் கலந்தன. கேலியஸ் விடுதலையானார். குளோடியா கூறிய சாட்சியம் இன்று கிடைக்கவில்லை. அவளைப் பற்றிய கேலி மட்டுமே கிடைக்கிறது. முறையிட வந்து கொல்லப்பட்ட தூதர் அந்தச் சிரிப்பில் மறக்கப்பட்டார்.

துன்பத்தில் இருப்பவரைக் கேலி செய்யாதே என்ற விதியைச் சிசெரோ இங்கே மீறவில்லை. கோமாளியாகவும் மாறவில்லை. ஓர் ஆண்டுக்குப் பின் தாம் எழுதப்போகும் விதிகளுக்குப் பெரும்பாலும் உட்பட்டே அவர் இதைச் செய்தார். குறை, பேச்சாளரிடம் மட்டுமன்றி விதிகளிலும் இருக்கிறது.

உடற்குறையும் கேலியும்

உடற்குறை கேலிக்கு நல்ல பொருள் என்று ஸ்ட்ராபோ வெளிப்படையாகக் கூறுகிறார். அளவு மீறக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. வாட்டினியஸ் என்ற அரசியல்வாதிக்குக் கழுத்தில் கட்டிகள் இருந்தன, கால்களும் ஊனமுற்றவை. கி.மு. 56இல் சிசெரோ அவரைக் குறுக்கு விசாரணை செய்தபோது அந்தக் கட்டிகளையும் தாக்கினார். உடலின் அழகின்மை உள்ளத்தின் அழகின்மைக்கு அடையாளம் என்ற நம்பிக்கை இதற்குப் பின்னால் இருந்தது. இத்தகைய கேலி, யார் ரோமானியச் சமூகத்துக்குள், யார் வெளியே என்று பிரிக்கும் வேலையைச் செய்தது என்பதை ஆந்தனி கோர்பெயில் 1996இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியுள்ளார்.

வாட்டினியஸ் இதற்குத் தந்த விடையைப் பின்னாளில் செனெகா பதிவு செய்தார். வாட்டினியஸ் தம் கால்களையும் கழுத்தையும் பற்றித் தாமே முதலில் கேலி செய்துகொள்வார். அதனால் எதிரிகளின் கேலிக்கு, குறிப்பாகச் சிசெரோவின் நாவுக்கு, வேலையில்லாமல் செய்துவிட்டார். சிரிப்பின் பயனை இலக்கணம் எழுதியவரைவிட அதற்கு ஆளானவர் ஒருவேளை நன்றாகவே அறிந்திருந்தார். கி.மு. 54இல் அரசியல் நெருக்கடியால் சிசெரோ இதே வாட்டினியஸுக்காக வாதாட நேர்ந்தது.

அதிகாரத்தின் கீழ்

ஜூலியஸ் சீசரின் தனியாட்சி வந்தபோது கேலியின் இடமும் மாறியது. கி.மு. 45 டிசம்பர் கடைசி நாளில் கான்சல் ஒருவர் இறந்துவிட, எஞ்சிய சில மணி நேரத்துக்கு மட்டும் ரெபிலஸ் என்பவரைச் சீசர் கான்சலாக்கினார். அந்தக் கான்சலின் ஆட்சியில் யாரும் காலை உணவு உண்ணவில்லை, பதவிக்காலம் முழுதும் அவர் கண்ணுறங்கவே இல்லை என்று சிசெரோ ஒரு நண்பருக்கு எழுதினார். இவற்றை நேரில் பார்த்தால் கண்ணீரை அடக்க முடியாது என்றும் அதே கடிதத்தில் எழுதினார். மன்றத்தில் முழங்கிய சிரிப்பு இப்போது கடிதத்துக்குள் ஒதுங்கியது. இந்தக் கேலி யாருடைய உடலையும் குறிவைக்கவில்லை; ஒரு பதவி வெறும் பெயராகிப்போனதைச் சொல்கிறது. ஸ்பிங்க்ஸ் கேலியைப் போலவே இதிலும் சிரிப்பும் சான்றும் ஒன்றாக இருக்கின்றன.

கி.மு. 43இல் இளைஞர் ஒக்டேவியனைப் பற்றிச் சிசெரோ ஒரு சிலேடை சொன்னதாகப் பேச்சு எழுந்தது. அதில் அவர் பயன்படுத்திய லத்தீன் சொல்லுக்கு உயர்த்துதல் என்றும் அகற்றுதல் என்றும் பொருள். சொல் ஒக்டேவியனின் காதுக்குப் போய்விட்டது என்று டெசிமஸ் புரூட்டஸ் கடிதம் எழுதி எச்சரித்தார்.

மதிப்பீடு

சிசெரோவின் எதிரிகள் அவரைக் கான்சல் பதவி வகித்த கோமாளி என்று அழைத்ததாக மாக்ரோபியஸ் எழுதுகிறார். இந்தப் பழிப்பு அவருடைய மதிப்பைத் தாக்கியது. அவரே வகுத்த விதியைக் கொண்டே அவரை அளந்தது. ஆனால் அவரை அளக்க வேண்டிய கோல் அதுவன்று. அவர் எத்தனை முறை சிரிக்க வைத்தார் என்பதைவிட, அவை சிரித்து முடித்தபோது வழக்கின் செய்தி கண்முன் நின்றதா, கண்ணிலிருந்து மறைந்ததா என்பதே முக்கியம். ஸ்பிங்க்ஸும் ஒரு நாள் கான்சலும் செய்தியைக் கண்முன் நிறுத்தின. சட்ட வாய்பாடும் குளோடியாவும் அதை மறைத்தன. சிசெரோவிடம் இரண்டு ஆற்றலும் இருந்தன. இரண்டையும் பிரித்துக் காட்டும் சொல் அவருடைய இலக்கணத்தில் இல்லை.

மேரி பியர்ட் 2014இல் வெளியிட்ட நூல், ரோமானியர் எதற்குச் சிரித்தனர் என்பதை இன்று உறுதியாகச் சொல்வதில் உள்ள இடர்களை எடுத்துரைக்கிறது. அது சரியான எச்சரிக்கை. ஆயினும் அந்தச் சிரிப்பு என்ன விளைவைத் தந்தது என்பதைப் பல இடங்களில் பேச்சுகளும் கடிதங்களும் காட்டவே செய்கின்றன.

ரோமின் பேச்சு மேடைக்கு ரோஸ்ட்ரா என்று பெயர். கி.மு. 87இல், மாரியஸின் ஆட்கள் சீசர் ஸ்ட்ராபோவைக் கொன்று அவர் தலையை அந்த மேடையில் வைத்தனர். இதை 'டே ஓராடோரே' மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் சிசெரோவே வருத்தத்துடன் எழுதியுள்ளார். கி.மு. 43இன் தொடக்கத்தில், மார்க் ஆண்டனியிடம் தூது சென்ற செர்வியஸ் சுல்பீசியஸ் அந்தப் பணியிலேயே இறந்தார். அவருக்கு ரோஸ்ட்ராவில் வெண்கலச் சிலை வைக்க வேண்டும் என்று செனட்டில் பேசியவர் சிசெரோ. இருபது ஆண்டுகளுக்கு முன் மூன்று நாளில் கற்றுவிடலாம் என்று தாம் கேலி செய்த அதே சட்ட அறிவை, அந்தப் பேச்சில் அவர் மனமாரப் புகழ்ந்தார். அந்தப் பேச்சில் கேலி இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சிசெரோ கொல்லப்பட்டார். ஆண்டனியின் ஆணைப்படி அவருடைய தலையும் கையும் அதே ரோஸ்ட்ராவில் வைக்கப்பட்டன.